பல் பிடுங்கப் போறீங்களா? ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய A டு Z... இல்லை, ஆரம்பம் முதல் கடைசிவரை!

நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு ரூமுக்கு வருகிறீர்கள். நாலு இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்ததும் கடைவாயில் ஆரம்பிக்கிறது அந்த வலி. காது, நெற்றிப்பொட்டு, கழுத்து என்று ஒரு பக்கம் முழுக்க இழுக்கிறது. மெஷின் முன்னால் நின்றபோது இவ்வளவு தெரியவில்லையே, படுத்ததும் ஏன் இப்படி? காரணம் சுலபமானது. படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த ஓட்டம் அதிகமாகிறது. ஏற்கெனவே வீங்கியிருக்கும் பல்லின் உள்கூழில் அழுத்தம் கூடுகிறது. கவனத்தைத் திருப்ப வேறு வேலையும் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, திருவள்ளூரைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகள் என்று எங்கு வேலை பார்த்தாலும் இந்தக் கதை ஒரே மாதிரிதான் போகும். லீவு போட்டால் சம்பளம் போகும். அதனால் மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு மாத்திரை. அடுத்த வாரம் இன்னும் ரெண்டு. கடைசியில் கன்னம் வீங்கிய பிறகுதான் டாக்டர் ஞாபகம் வரும். அந்த இடத்துக்குப் போகாமல் இருக்க, பல் பிடுங்குவது பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

வலி நின்னா பல் சரியாச்சுன்னு அர்த்தமா?

இல்லை. பல நேரம் அதற்கு நேர் எதிரான அர்த்தம்.

சொத்தை பல்லின் மேல்பூச்சைத் தாண்டி உள்ளே போகும்போது முதலில் கூச்சம், பிறகு வலி. கிருமி உள்கூழை எட்டியதும் தாங்க முடியாத வலி. பிறகு ஒருநாள் 'அப்பாடா, போயிடுச்சு' என்று தோன்றும். அப்போது உள்ளே இருந்த நரம்பு செத்துப்போயிருக்கலாம். கிருமி மட்டும் வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் சீழ்க்கட்டியாகத் திரும்ப வரும்.

நாமே வாங்கிப் போடும் ஆன்டிபயாடிக் இதற்குத் தீர்வு ஆகாது. செத்த பல்லின் உள்ளே ரத்த ஓட்டம் இல்லை. மருந்து அங்கே போய்ச் சேர வழியும் இல்லை. பல்லைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் எடுக்க வேண்டும்.

வலி மாத்திரையிலும் கவனம் தேவை. ஃபர்னஸ், ரோலிங் மில், ஃபவுண்டரி மாதிரி வெப்பமான இடத்தில் வியர்த்துக் கொட்ட வேலை செய்பவர்கள், தண்ணீர் சரியாகக் குடிக்காமல் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றுப்புண் வரும். மாத்திரையை வலிக்கும் பல்லுக்குப் பக்கத்தில் ஈறில் வைத்து அடக்கிக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. குறிப்பாக ஆஸ்பிரின் ஈறை வேகவைத்துப் புண்ணாக்கிவிடும்.

பிடுங்கித்தான் ஆகணுமா?

எல்லாப் பல்லையும் பிடுங்க வேண்டியதில்லை. சொத்தை மேலோட்டமாக இருந்தால் ஃபில்லிங் போதும். நரம்புவரை போயிருந்தாலும் வேரும் சுற்றியுள்ள எலும்பும் நன்றாக இருந்தால் ரூட் கேனல் செய்து கேப் போட்டுக் காப்பாற்றலாம்.

எடுத்தே ஆக வேண்டிய சூழல்கள் இவை:

* கட்டி நிறுத்த முடியாத அளவுக்கு உடைந்த, கரைந்த பல்.
* ஈறு நோயால் எலும்பு அரித்து, ஆடும் பல்.
* வேர் செங்குத்தாகப் பிளந்த பல்.
* இடமில்லாமல் சாய்ந்து முளைத்து, திரும்பத் திரும்பத் தொந்தரவு தரும் ஞானப்பல்.

இந்தக் கடைசி வகை உங்கள் வயதுக்காரர்களுக்கு முக்கியம். ஞானப்பல் பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். ஐ.டி.ஐ, டிப்ளமோ முடித்து முதல் வேலையில் சேரும் அதே வயது. பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடி மாதிரி கிடக்கும். அதற்குள் சாப்பாடு சிக்கி, வீங்கி, வாயைத் திறக்கவே முடியாமல் போகும்.

இங்கே பணமும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தனியார் கிளினிக்கில் சாதாரணமாகப் பல் எடுக்கச் சில நூறு ரூபாய்தான் ஆகும். ரூட் கேனலும் கேப்பும் சேர்ந்தால் சில ஆயிரம். அதனால் 'எடுத்துடுங்க டாக்டர், தொல்லை விட்டுது' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால், எடுத்த இடத்தில் பிறகு செயற்கைப் பல் வைக்கவும் பல ஆயிரம் ஆகும். 22 வயதில் எடுக்கும் ஒரு கடைவாய்ப் பல்லின் வேலையை மற்ற பற்கள் இன்னும் 40, 50 வருடம் சுமக்க வேண்டும். 'இதைக் காப்பாற்ற முடியுமா, முடியாதா? எக்ஸ்ரேவில் காட்டுங்க' என்று கேட்பது உங்கள் உரிமை.

எங்கே போறது?

பக்கத்தில் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. பல் டாக்டர் எந்த நாளில், எந்த நேரத்தில் இருப்பார் என்று முன்பே விசாரித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

மாவட்டத் தலைநகரான திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால், கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு அது வேறு ரயில் பாதை. சென்னைக்குள் போய் மாறித்தான் வர வேண்டும்.

சிக்கலான ஞானப்பல், தாடை வீக்கம் என்றால் சென்னை தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 1953-ல் தொடங்கப்பட்டது. கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் வழியாக மின்சார ரயிலிலேயே போய்விடலாம். இங்கே பயிற்சி டாக்டர்களும் சிகிச்சை செய்வார்கள். மேற்பார்வைக்குப் பேராசிரியர்கள் இருப்பார்கள். கூட்டம் அதிகம் என்பதால் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள்.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா?

பே ஸ்லிப்பை ஒருமுறை பாருங்கள். இ.எஸ்.ஐ. வருவதற்கான மாதச் சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு 0.75 சதவிகிதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவிகிதம். கான்ட்ராக்ட் தொழிலாளர்களும் இதில் வருவார்கள். பணம் பிடிக்கிறார்கள் என்றால் உங்களுக்கு ஐ.பி. எண் இருக்க வேண்டும். ஹெச்.ஆரிடமோ கான்ட்ராக்டரிடமோ கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் முதலில் காட்டினால், தேவைப்படும்போது பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். பல் சிகிச்சையும் அதில் உண்டு.

ஒரு விஷயம். இ.எஸ்.ஐ. நோய்க்காலப் பணம் என்பது சம்பளத்தில் 70 சதவிகிதம். ஆனால், பொதுவாக முதல் ரெண்டு நாளுக்கு அது கிடைக்காது. அதனால் சாதாரணமாகப் பல் எடுக்கப் போடும் ஒருநாள் லீவுக்கு அதை நம்ப முடியாது. வார ஆஃபைக் கணக்குப் பண்ணித் தேதி வாங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

வாணியம்பாடியில் என்ன நடந்தது?

'எங்க ஊர்ல ஒருத்தர் அம்பது ரூபாய்க்குப் பிடுங்குவாரு' என்று யாராவது சொன்னால், இந்தச் சம்பவத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் வாணியம்பாடி, தோல் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன ஊர். 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரையிலான காலத்தில் மூளையைத் தாக்கும் ஓர் அரிய பாக்டீரியா தொற்றோடு பலர் மருத்துவமனைக்கு வந்தார்கள். வேலூர் சி.எம்.சி, சென்னையிலுள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், தமிழகப் பொது சுகாதாரத்துறை ஆகியவற்றின் ஆய்வாளர்கள் துருவியபோது, 21 நோயாளிகளில் 10 பேர் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்கள் என்று தெரிந்தது. அந்த 10 பேரில் 8 பேர் இறந்துபோனார்கள்.

கிருமியின் பெயர் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை. மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. கிளினிக்கில் பயன்பாட்டில் இருந்த சலைன் பாட்டிலில் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஈறை விலக்கப் பயன்படும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்து, மிச்சத்தை மூடிவைத்து, அடுத்தவர்களுக்கும் அதே சலைனைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்த விவரங்கள் 2025-ல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய மருத்துவ இதழில் கட்டுரையாக வெளிவந்து, நாடு முழுக்கப் பேசப்பட்டன.

இதைப் படித்துவிட்டுப் பல் டாக்டரிடமே போகக் கூடாது என்று முடிவு செய்துவிடாதீர்கள். இது அரிதிலும் அரிது. ஆனால், நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் இவற்றைப் பார்ப்பதும் கேட்பதும் தப்பே இல்லை:

* டாக்டரின் பெயர், பி.டி.எஸ். பட்டம், தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் ஆகியவை போர்டில் இருக்கிறதா? சட்டப்படி பதிவு பெற்றவர்தான் இந்தச் சிகிச்சையைச் செய்யலாம்.
* கருவிகளை ஆட்டோகிளேவில் சுத்தம் செய்கிறார்களா? பிரஷர் குக்கர் மாதிரி, அழுத்தத்தோடு 121 டிகிரி அல்லது அதற்கு மேற்பட்ட சூட்டில் நீராவியால் கிருமி நீக்கும் மெஷின் அது. வெந்நீரில் முக்கி எடுப்பது போதாது.
* ஒட்டிய கவரை உங்கள் கண் முன்னால் பிரித்துக் கருவியை எடுக்கிறார்களா?
* ஊசியும் கையுறையும் புதியதா?
* புண்ணைக் கழுவ சீல் உடைக்காத புது சலைனா?

நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

போவதற்கு முன்னால்...

* சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மரத்துப்போகும் ஊசிதான் போடுவார்கள், மயக்க மருந்து இல்லை. வெறும் வயிறு, தூக்கமின்மை, பயம் மூன்றும் சேர்ந்தால் தலைசுற்றி விழ வாய்ப்பு அதிகம். நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு நேராகப் போகாதீர்கள்.
* காலை நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். பிறகு ரத்தம் வந்தால் கிளினிக் திறந்திருக்கும்போதே திரும்பிப் போகலாம்.
* சர்க்கரை, பி.பி, இதயப் பிரச்னை, வலிப்பு, ஆஸ்துமா, மருந்து அலர்ஜி, சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காத குணம் என எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.
* ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் நீங்களாகவே அதை நிறுத்தக் கூடாது. டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.
* பெண்கள், கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ எக்ஸ்ரேவுக்கு முன்பே சொல்லுங்கள்.
* முந்தைய நாளும் அன்றும் குடிக்க வேண்டாம்.
* ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்த ரூம்மேட்டுக்குப் பல்வலி என்றால், மொழி தெரிந்த ஒருவர் கூடப் போங்கள். அலர்ஜியைச் சொல்லத் தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து.

நாற்காலியில் என்ன நடக்கும்?

முதலில் எக்ஸ்ரே. ஒரு பல் என்றால் சின்ன ஃபிலிம், ஞானப்பல் என்றால் முழுத் தாடையும் தெரியும் ஓ.பி.ஜி. அடுத்து ஈறில் ஊசி. பெரும்பாலும் லிக்னோகெய்ன். சுருக்கென்று குத்தும், லேசாக எரியும். சில நொடி நெஞ்சு படபடக்கலாம்; அதில் சேர்க்கும் அட்ரினலின் காரணம், உடனே அடங்கிவிடும். ஐந்து, பத்து நிமிடத்தில் உதடு தடித்துப்போன மாதிரி ஆகும். கீழ்த்தாடை என்றால் பாதி உதடு, நாக்கின் ஒரு பக்கம்வரை மரக்கும்.

பல்லை யாரும் ஆணி பிடுங்குவதுபோல இழுப்பதில்லை. பல்லையும் எலும்பையும் இணைக்கும் நார்களை முதலில் தளர்த்துவார்கள். பிறகு இப்படியும் அப்படியும் மெதுவாக அசைத்துக் குழியை அகலப்படுத்தி வெளியே எடுப்பார்கள். அழுத்தம் தெரியும், 'கடக்' என்று சத்தம் கேட்கும். ஆனால், கூர்மையான வலி இருக்கக் கூடாது. இருந்தால் கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

எலும்புக்குள் புதைந்த ஞானப்பல் என்றால் ஈறைக் கீறி, கொஞ்சம் எலும்பை நீக்கி, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள். இதற்கு நேரமும் அதிகம், பிறகு வீக்கமும் அதிகம்.

முதல் 24 மணி நேரம்: ரத்தக்கட்டிதான் ராஜா!

பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டி உருவாகும். அதுதான் இயற்கை போடும் பிளாஸ்டர். அதைக் காப்பாற்றினால் பாதி வேலை முடிந்தது.

* வைத்த பஞ்சை அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம்.
* துப்பாதீர்கள்! நம்மில் பலர் செய்யும் முதல் தப்பு இதுதான். 'ரத்தம் வருதே' என்று துப்பத் துப்ப, கட்டி பெயர்ந்து இன்னும் ரத்தம் வரும். எச்சிலை விழுங்கிவிடுங்கள். எச்சிலில் லேசாகச் சிவப்பு தெரிவது ஒருநாள்வரை சகஜம்.
* கொப்பளிப்பது, ஸ்ட்ராவில் ஜூஸ் உறிஞ்சுவது வேண்டாம்.
* சிகரெட், பீடி, உதட்டுக்குள் வைக்கும் புகையிலை எதுவும் கூடாது. குறைந்தது மூன்று நாள் தள்ளிப்போடுங்கள். ஒரேயடியாக விடவும் இது நல்ல சாக்கு.
* உணர்வு திரும்ப ரெண்டு முதல் நாலு மணி நேரம் ஆகும். அதுவரை சூடான டீ வேண்டாம். மரத்த உதட்டையும் நாக்கையும் தெரியாமல் கடித்துக்கொள்ளவும் செய்வீர்கள்.
* சாப்பாடு: ஆறிய தயிர் சாதம், கஞ்சி, ராகிக் கூழ், பாலில் ஊறிய இட்லி. மற்ற பக்கமாக மெல்லுங்கள். மெஸ் காரக்குழம்பு, முறுக்கு, சிப்ஸுக்குச் சில நாள் லீவு.
* வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்தின் வெளியே பத்து நிமிடம் வைத்து, பத்து நிமிடம் எடுங்கள்.
* ரெண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள்.

24 மணி நேரத்துக்குப் பிறகு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு கலந்து சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாகக் கொப்பளியுங்கள். எடுத்த இடத்தை விட்டுவிட்டு மற்ற பற்களை வழக்கம்போலத் துலக்கலாம்.

எப்போ டியூட்டிக்குப் போகலாம்?

சாதாரணமாக எடுத்த பல் என்றால் பெரும்பாலும் மறுநாளே லேசான வேலைக்குப் போகலாம். மூட்டை தூக்குவது, குனிந்து நிமிர்வது, ஃபர்னஸ் பக்கம் நிற்பது போன்றவை ரத்தக்கசிவைத் திரும்பக் கிளப்பும். ரெண்டு, மூணு நாள் வேறு வேலை கேட்டுப் பாருங்கள். ஞானப்பல் ஆபரேஷன் என்றால் இன்னும் சில நாள் ஓய்வு தேவைப்படலாம். டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். டிராமடால் போலத் தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் ஃபோர்க்லிஃப்ட், கிரேன், பிரஸ் மெஷின், பைக் எதையும் தொடாதீர்கள்.

மூணாவது நாள் வலி கூடுதா?

வலி நாளுக்கு நாள் குறையத்தான் வேண்டும். ரெண்டாவது நாளிலிருந்து ஐந்தாவது நாளுக்குள் திடீரென அதிகமாகி, காதுவரை இழுத்து, வாயில் கெட்ட வாடை வந்தால் அது 'டிரை சாக்கெட்' ஆக இருக்கலாம். ரத்தக்கட்டி பெயர்ந்து எலும்பு வெளியே தெரியும் நிலை. புகைப்பவர்களுக்கும் கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் அதிகம் வரும். பயப்பட ஒன்றுமில்லை. டாக்டரிடம் போனால் குழியைக் கழுவி மருந்து வைப்பார், சீக்கிரமே வலி குறையும்.

இதெல்லாம் வந்தால் உடனே கிளம்புங்க!

* புதுப் பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்கவில்லை.
* காய்ச்சலோடு வீக்கம் பெரிதாகிறது.
* வாயைத் திறக்க முடியவில்லை.
* மரத்த உதடு மறுநாளும் அப்படியே இருக்கிறது.

தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கம் கல் மாதிரி வீங்கி, எச்சில் விழுங்கக் கஷ்டமாகி, மூச்சு முட்டினால் கிளினிக்குக்குக் காத்திருக்காதீர்கள். நேராக 108. பல்லில் ஆரம்பித்த தொற்று மூச்சுக்குழாயை அடைக்கும் நிலை அது. சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். பல்லைப் பிடுங்கியவர்களுக்கு மட்டுமில்லை, பிடுங்காமல் மாத்திரையில் ஓட்டியவர்களுக்கும் இது வரும்.

ரூம்ல சொல்ற கதைகள்

'மேல் பல்லை எடுத்தா கண் பார்வை போயிடும்.' போகாது. பல்லுக்கு உணர்வு தரும் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. கண்ணாடி போடும் வயதிலேயே பல்லும் விழ ஆரம்பிப்பதால் உருவான நம்பிக்கை இது.

'பல்லுக்குள்ள புழு இருக்கு, புகை போட்டா விழும்.' கண்டங்கத்தரி விதைப் புகை பிடிக்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. பல்லில் புழு கிடையாது. சொத்தையை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. அதற்குத் தீனி நாம் சாப்பிடும் சர்க்கரை. நைட் ஷிஃப்டில் தூக்கம் கலைக்கக் குடிக்கும் நாலைந்து இனிப்பு டீயும் கூல் டிரிங்க்ஸும் அந்தக் கணக்கில்தான் வரும்.

'கிராம்புத் தைலம் போதும்.' கொஞ்ச நேரம் மரக்கவைக்கும், அவ்வளவுதான். பஞ்சில் ஒரு சொட்டு போதும்; அதிகம் போனால் ஈறு புண்ணாகும்.

காலியான இடத்தை என்ன செய்வது?

ஞானப்பல் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். மற்ற பல் என்றால் அப்படியே விடாதீர்கள். பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியில் சாயும். எதிர்ப்பல் இறங்கும் அல்லது ஏறும். ஈறு சில வாரத்தில் மூடிவிடும். உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். அதற்குள் கழற்றி மாட்டும் பல், பிரிட்ஜ், இம்பிளான்ட் மூன்றில் எது உங்கள் வாய்க்கும் பர்ஸுக்கும் சரிப்படும் என்று டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைப் படிக்கும்போதே நாக்கு தானாக ஒரு பல்லைத் தேடிப் போகிறதா? அப்படியென்றால் அடுத்த வார ஆஃப் எந்த நாள் என்று பாருங்கள். இப்போதே ஒரு போன் போட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள். இன்றைக்கு ஃபில்லிங்கில் முடியக்கூடியது, ஆறு மாதம் கழித்துப் பிடுங்குவதில்தான் முடியும்.